வாயில்லா ஜீவனின் வாய்

தேனி மாவட்டத்தில் யானை உண்டு, காட்டுமாடு உண்டு, மேகமலைப் பக்கம் போனால் சாம்பல் நிற அணில்கூட உண்டு. இவை எல்லாவற்றையும்விட எண்ணிக்கையில் பெருத்து, எந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் கேட்காமல் தானாகச் செழிக்கும் இன்னோர் இனமும் உண்டு. வாயில்லா ஜீவன்களின் வாய் என்று அதற்குப் பெயர். கடவுள் எதற்கெல்லாம் வாய் வைக்க மறந்தாரோ, அதற்கெல்லாம் சேர்த்து இந்த ஒரே ஆளுக்கு வைத்துவிட்டார்.

இவரைக் கண்டுபிடிப்பது ஒன்றும் சிரமமில்லை. காலையில் எழுந்து பல் துலக்குவதற்கு முன்னால், குழியில் விழுந்த யானைக் குட்டியைத் தாய் தூக்கிவிடும் வீடியோவை நாற்பது பேருக்கு அனுப்பி, அதன் கீழே 'மனிதா, நீ வெட்கப்படு' என்று எழுதி, அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் வெட்கப்பட்டார்கள் என்று டீக்கடையில் உட்கார்ந்து நீல டிக்கை எண்ணிக்கொண்டிருப்பவர் அவர்தான். அவருடைய அன்பு தூரத்துக்குத் தக்கபடி வளரும். திமிங்கலம் என்றால் கண்ணீரே விடுவார். அது கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் இதுவரை எட்டிப் பார்த்ததில்லை. யானை என்றால் உருகுவார், அது மலைக்கு மேலே இருக்கும்வரை. வாசற்படியில் படுக்கும் தெருநாய்க்கு 'ச்சீ, போ'. கொசுவுக்கு மின்சார மட்டை. ஆட்டுக்கறி? 'அது வேற சார்' என்பார். எது வேறு, எப்படி வேறு என்று நாம் கேட்பதற்குள், குழம்பில் நல்லி எலும்பு கிடக்கிறதா என்று கரண்டியை விட்டுத் துழாவ ஆரம்பித்திருப்பார்.

ஓடைப்பட்டி முத்துக்குமரனையே எடுத்துக்கொள்வோம். தொழில் இன்சூரன்ஸ். ஆகவே, இன்னும் வராத ஆபத்தைப் பற்றி எதிராளி கலங்கும்படி பேசுவதில் நல்ல பயிற்சி. 'பள்ளத்தாக்கு உயிர்நேயப் பேரவை' என்று ஓர் அமைப்பு நடத்துகிறார். தலைவர் அவர். செயலாளர் அவருடைய மச்சினன். உறுப்பினர்கள் எல்லாம் அவரிடம் பாலிசி எடுத்தவர்கள்; பிரீமியத்தோடு சந்தாவும் போய்விடும். மாசித் திருவிழாவுக்கு நாய்களோடு மலையடிவாரத்துக்குப் போய் முயல் பிடித்துவரும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று முதன்முதலில் மேடையில் முழங்கியவர் அவர். அது நல்ல காரியம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று அவர் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது பாருங்கள், அங்கேதான் வினை பிடித்தது. அதன் பிறகு அவர் பேசாத கூட்டமில்லை, வாங்காத பொன்னாடை இல்லை. பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று பீரோவின் ஒரு தட்டு முழுக்க அடுக்கியிருந்தது. அவருக்கே சில சமயம் சிரிப்பு வரும். இவ்வளவு சரிகையையும் போர்த்திக்கொண்டு எந்தக் குளிருக்குப் போகப்போகிறோம் என்று நினைப்பார். நினைத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குக் கிளம்புவார்.

அவர் மனைவி அனுசுயா மேடை ஏறாதவள். அவளுக்குக் கீழக்காடு உண்டு. அவளுடைய தாய் சீதனமாகக் கொடுத்தது. இந்தப் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். 'காட்டுக்குப் போறேன்' என்று ஒருத்தி சொன்னால் வனவாசம் போகிறாள் என்று யாரும் அழமாட்டார்கள். அந்தக் காட்டில் இந்த வருஷம் மக்காச்சோளம் போட்டிருந்தாள். கதிர் பால் பிடித்து முற்றுகிற நேரம். அதே நேரத்தைத்தான் மலையடிவாரத்துக் காட்டுப்பன்றிகளும் நாள் குறித்து வைத்திருந்தன.

வெடி போடலாமா என்று கேட்டாள். 'அதுக மிரண்டு போகும்' என்றார் முத்துக்குமரன். ராத்திரி காவலுக்கு ஆள் வைக்கலாமா என்றாள். 'ஆளைப் பாத்தும் மிரளும்' என்றார். ஊரில் எல்லோரும் செய்வதுபோலப் பழைய சேலைகளைக் கம்பு நட்டு வேலியாகக் கட்டினாள். துணியின் நிறத்துக்கும் மனித வாடைக்கும் பன்றி தயங்கி நிற்கும் என்பது கணக்கு. மேற்குப் பக்கம் வரும்போது சேலை தீர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அந்த வழியாக பைக்கில் வந்த முத்துக்குமரன், காட்டின் மேற்குப் பக்கம் தன் பொது வாழ்க்கை முழுவதும் வரிசையாகக் காற்றில் ஆடுவதைக் கண்டார்.

"ஏ அனுசுயா, என்ன இது?"

"வேலி."

"அந்த ஊதா எம்.எல்.ஏ. கையால போட்டதுடி!"

"அதான் பளபளன்னு நிக்கிது. நேத்து பன்னி வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு. தடம் கெடக்கு, வந்து பாருங்க."

"நாளைக்கு எனக்கு டி.வி.ல விவாதம் இருக்கு. எவனாச்சும் இதைப் படம் பிடிச்சு, உயிர்நேயப் பேரவைத் தலைவரு பொன்னாடையக் காட்டிப் பன்னிய விரட்டுறாருன்னு போட்டான்னா என் மானம் என்னத்துக்கு ஆகும்?"

"சோளம் என்னத்துக்கு ஆகும்?"

பதில் இல்லாத இடத்தில் நாமெல்லாம் என்ன செய்வோம்? காரியத்தில் இறங்குவோம். ஒவ்வொரு பொன்னாடையாக அவிழ்த்து, மண்ணை உதறி, மடித்து, பைக் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் விடிந்ததும், ஊதாவை மட்டும் இஸ்திரி போட்டுத் தோளில் போர்த்திக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறிவிட்டார்.

உள்ளூர் கேபிள் சேனலின் நேரலை விவாதம் அது. தலைப்பு: 'பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி: சுட அனுமதியா, வேட்டைக்குத் தடையா?' நடத்துபவர் மகிழன் என்கிற இளைஞர். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், விவசாயிகள் சார்பில் மார்க்கையன்கோட்டை சுருளியாண்டி, ஜீவன்கள் சார்பில் நம் முத்துக்குமரன்.

"அரசு இதற்கு ஒரு கமிட்டி போட்டிருக்கிறது" என்றார் ஆளுங்கட்சி.

"கமிட்டி போடாததை வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்றார் எதிர்க்கட்சி.

"போட்டாச்சுங்க."

"போட்டதைக் கண்டிக்கிறோம்."

சுருளியாண்டி பொறுத்துப் பார்த்துவிட்டு மேசையைத் தட்டினார். "மலைக்கு அங்கிட்டுக் கேரளாவுல பஞ்சாயத்துலயே சுட உத்தரவு குடுக்குறாக. அங்கன வெடிச்சத்தம் கேட்டா அதுக பூராம் இங்கன எறங்கிருது. செக்போஸ்ட்டுல அதுககிட்ட எவன் பாஸ் கேக்குறான்?"

இப்போது முத்துக்குமரன் ஊதாவைச் சரிசெய்துகொண்டார். குரலைத் தாழ்த்தினார். "நாம் அவற்றின் வீட்டுக்குள் புகுந்துவிட்டு அவற்றைக் குற்றம் சொல்கிறோம். காடு விலங்குகளுக்கே சொந்தம்! அவை வாயில்லா ஜீவன்கள். ஒரு பிடி தானியத்துக்காக ஓர் உயிரைச் சுடுவதா?"

சொல்லி முடித்தபோது அவருக்கே உடம்பு சிலிர்த்தது. கேமராக்காரர்கூடக் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். மகிழன் கைபேசியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "நேயர் ஒருவர் இணைப்பில் இருக்கிறார். சொல்லுங்கம்மா, எங்கிருந்து பேசுறீங்க?" என்றார்.

"ஓடைப்பட்டியில இருந்து அனுசுயா பேசுறேன்."

முத்துக்குமரன் தோளிலிருந்து ஊதா நழுவியது.

"அந்த ஊதாப் பொன்னாடை போட்டிருக்காகளே, அவுககிட்ட ஒன்னு கேக்கணும். காலையில இருந்து போன் போடுறேன், அவுக எடுக்கல. டி.வி.க்குப் போட்டா எடுக்குறீகன்னு இங்கன போட்டேன்."

"கேளுங்கம்மா."

"காடு அதுகளுக்குச் சொந்தம்னு சொன்னாக. எந்தக் காடு? கீழக்காடு எங்க ஆத்தா எனக்குக் குடுத்தது. நேத்து ராத்திரி மேக்கால வேலி இல்லாத பக்கமா வந்து, பாதிக் காட்டைச் சாச்சுப் போட்டுருச்சுக. நான் வெதச்சு, நான் களையெடுத்து, மழ பொய்ச்சப்ப நான் தண்ணி சொமந்தது. வாயில்லா ஜீவன்னு சொல்றாகளே, வாயில்லாமயா இம்புட்டையும் தின்னுச்சு?"

அவள் குரல் கடைசிச் சொல்லில் உடைந்தது. இணைப்பு அறுந்தது. சுருளியாண்டி சிரிக்க வாயைத் திறந்தவர், அந்தக் குரலைக் கேட்டதும் மூடிக்கொண்டார்.

"முத்துக்குமரன் சார், நேயருக்கு உங்கள் பதில்? சுடலாமா, கூடாதா?"

முத்துக்குமரன் வாயைத் திறந்தார். எத்தனையோ மேடைகளில் அருவியாகக் கொட்டிய வாய். ஸ்டுடியோவில் ஏ.சி. ஓடும் சத்தம் மட்டும் ஊர் முழுக்க ஒளிபரப்பானது. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "ஒரு கமிட்டி போடலாம்."

அன்றைய நிகழ்ச்சியில் முதன்முறையாக இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே சமயத்தில் தலையாட்டினார்கள்.

சின்னமனூர் வழியாகத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தன் வாழ்நாளில் தன் கையால் காப்பாற்றிய ஜீவன் எது என்று யோசித்துக்கொண்டே வந்தார். வெகுநேரம் யோசித்த பிறகு ஒன்று கிடைத்தது. ஒரு முறை பாயசத்தில் விழுந்த எறும்பைக் கரண்டியால் எடுத்து வெளியே விட்டிருக்கிறார். அதுவும் பிழைத்ததா என்று தெரியவில்லை. பாயசத்தை மட்டும் குடித்துவிட்டார்.

விடிந்ததும் வீட்டிலிருந்த பொன்னாடைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு கீழக்காட்டுக்குப் போனார். சோளத் தட்டைகள் முறிந்து, கதிர்கள் கடிபட்டுக் கிடந்தன. அனுசுயா மிச்சமிருந்த நல்ல கதிர்களைத் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. சுடவும் வேண்டும் போலிருந்தது, சுடக்கூடாது போலவும் இருந்தது. அதைவிட, அவள் காலில் விழ வேண்டும் போலிருந்தது. அதைச் சொல்ல அந்தப் பாழாய்ப்போன வாய்க்குத் தெரியவில்லை. மேற்குப் பக்கம் போய், ஊதாவிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கம்பில் கட்ட ஆரம்பித்தார்.

அனுசுயா நிமிர்ந்து பார்த்தாள்.

"விடுங்க. இனி அதெல்லாம் ஆகாது. அந்தப் பொன்னாடைக்குள்ள ஆளு இல்லன்னு பன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு."

அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. மகிழன்தான். நேற்றைய நிகழ்ச்சியை ஊரே பார்த்ததாம், போனில் பேசியது அவர் சம்சாரம் என்பதும் தெரிந்துபோனதாம், அடுத்த வாரம் அதே தலைப்பில் மறுபடியும் விவாதமாம், இந்த முறை பாதிக்கப்பட்ட விவசாயி என்ற முறையில் அவரே வந்து விவசாயிகள் பக்கம் உட்கார முடியுமா என்று கேட்டார். முத்துக்குமரன் மனைவியைப் பார்த்தார். சாய்ந்து கிடந்த சோளத்தைப் பார்த்தார். வர முடியாது என்று சொல்லத்தான் நினைத்தார். நிஜமாகவே நினைத்தார். பிறகு வரப்போரம் நாலடி தள்ளிப் போய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எத்தனை மணிக்கு வரணும் தம்பி?" என்றார்.

சரி, இப்போது உங்களிடம் வருவோம். இவ்வளவு நேரம் படித்தீர்களே, மனதுக்குள் யாருக்காக 'அய்யோ பாவம்' என்றீர்கள்? பன்றிக்காகவா? சந்தோஷம், உங்களுக்குக் காடு கிடையாது. அனுசுயாவுக்காகவா? இன்னும் சந்தோஷம், ஆனால் கதிர் பொறுக்க நீங்களும் குனியவில்லை. இல்லை, ஊரே பார்க்கும்போது அந்த மனுஷனை அப்படிக் கேட்டிருக்க வேண்டாமே என்று முத்துக்குமரனுக்காக ஒரு கணம் மனசு இரங்கியதா? அப்படியானால் கைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்களையும் கூப்பிடுவார்கள்.