இரண்டாவது கேள்விக்குறி

ஓரெழுத்துக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எங்கே கிடைப்பார்கள் என்கிறீர்களா? நியூ ஜெர்சியில் நான் நர்ஸாக இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் மாடிக்கு நாலு பேர் கிடைத்தார்கள். தாடி, கோடைக்கும் பனிக்கும் ஒரே செருப்பு. காப்பிக் கோப்பையைக் கழுவமாட்டார்கள். எப்படியும் மறுபடி அழுக்காகத்தானே போகிறது? காலை வணக்கம் சொன்னால் "ம்" என்பார்கள். இப்படி மிச்சம் பிடித்த மூச்சையெல்லாம் என்ன செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர்களில் தலையாயவர் டாக்டர் ஹெக்லண்ட். கணக்கில் டாக்டர், காய்ச்சலுக்கு உதவமாட்டார். எழுபதாம் வருட வாக்கில், கம்ப்யூட்டரில் எழுதித் திருத்துவதற்கு அவர் ஒரு கட்டளை மொழி செய்தார். சேர்க்க ஓர் எழுத்து, அழிக்க ஓர் எழுத்து, சேமிக்க ஓர் எழுத்து, வெளியேற ஓர் எழுத்து. நியாயம் இல்லாமல் இல்லை. எங்களுக்கு அப்போது திரை கிடையாது. நாம் சொல்வதும் இயந்திரம் சொல்வதும் ஒரு தட்டச்சுப் பொறி வழியாகக் காகிதச் சுருளில்தான் விழும். அது ஒரு வரியை அடித்து முடிப்பதற்குள் நான் ஒருவர் நாடியை எண்ணிவிடுவேன். விசைகளோ கல். விரல் வீங்கி என்னிடம் வந்தவர்கள் உண்டு. ஆகவே சுருக்கினார், மேலும் சுருக்கினார், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சுருக்கிக்கொண்டே போய், நீங்கள் எதைத் தப்பாக அடித்தாலும் இயந்திரம் ஒற்றைக் கேள்விக்குறி போடும் என்பதில் வந்து நின்றார். என்ன தப்பு, எங்கே தப்பு? நீங்களே யோசியுங்கள். தெரிந்தவனுக்கு அது போதும் என்பார். தெரியாதவர்? அப்படி ஒரு பிறவி இருப்பதாக அவருக்குத் தகவல் இல்லை.

இருந்தாள். மிர்ட்டில் ஓடம், காப்புரிமைப் பிரிவின் தட்டச்சுக்காரி. தரைக்கடியில் முப்பது பெண்கள் தட்டும் கூடத்தில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, தனி மேசைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் மாலை நாலு மணிக்கு வாஷிங்டன் காப்புரிமை அலுவலகத்துக்குப் போகிற ஆளிடம் ஒரு விண்ணப்பம் போயாகவேண்டும். போகாவிட்டால் பழைய கூடத்துக்கே திரும்பலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

அன்று பன்னிரண்டு மணிக்கு அவள் என் அறைக்குத் தலைவலி மாத்திரை கேட்டு வந்தாள். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே விசாரித்தேன். ஹெக்லண்டின் மொழியில் கம்ப்யூட்டரில் பதினான்கு பக்கம் அடித்து முடித்து, வெளியேறும் எழுத்தைத் தட்டியிருக்கிறாள். கேள்விக்குறி வந்தது. காலையிலிருந்து அது இருபதாவது கேள்விக்குறி. மறுபடி தட்டினாள். அவ்வளவுதான், பதினான்கு பக்கமும் போய்விட்டன. அந்தக் கேள்விக்குறிக்கு மட்டும், சேமிக்காமல் போகிறாயே, சம்மதமா என்று அர்த்தமாம். மறுபடி தட்டினால் சம்மதம் என்று அர்த்தமாம்.

"காது கேக்காதவங்ககிட்ட ரெண்டாந்தரம் சொல்றதில்லையா, நர்ஸம்மா? அதத்தான் செஞ்சேன்," என்றாள்.

வாஸ்தவம். வார்டில் நானும் அதைத்தான் செய்வேன்.

அந்த நேரம் பார்த்து ஹெக்லண்ட் நுழைந்தார். மாலை விமானத்தில் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகிறார். தடுப்பூசி அட்டையில் என் முத்திரை வேண்டும். அட்டையை மேசையில் போட்டு, "முத்திரை," என்றார். மிர்ட்டிலின் கதையைச் சொன்னேன்.

"அது கேட்டுச்சே," என்றார்.

நான் ஊசியை எடுத்து மருந்தை ஏற்றினேன். அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன்.

"முத்திரை," என்றார் மறுபடி.

அவர் சட்டைக் கையைச் சுருட்டி, ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்தேன்.

"இருங்க இருங்க, என்ன பண்றீங்க? ஊசியெல்லாம் போன மாசமே டவுன்ல போட்டுக்கிட்டேன், சீட்டுகூட பையில இருக்கு, எனக்கு முத்திரை மட்டும் போதும்."

எனக்குத் தெரிந்து அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

"நான் கேட்டேனே, டாக்டரே. புருவத்தத் தூக்கினேன். நீங்க ரெண்டாந்தரமும் அதையே சொன்னீங்க. சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்."

மிர்ட்டில் சிரிக்கவில்லை. அவள் கண் கடிகாரத்தில் இருந்தது.

ஊசியைக் கீழே வைத்து, முத்திரையை என் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இயந்திரம் மறந்தால் என்ன, அவள் அடித்ததெல்லாம் காகிதச் சுருளில் தரையில் கிடந்தது. அவளே பார்த்துப் பார்த்து அடித்தால் ஆறு மணியாகும். யாராவது வாசித்தால் நாலுக்குள் முடியும். டாக்டர் வாசிக்கட்டும், பிறகு முத்திரை என்றேன்.

மூன்றே முக்கால் வரை வாசித்தார். அத்தனையும் சட்ட நடை. ஒரு "மேற்கூறிய"கூட விடமுடியாது. நடுநடுவே வந்த கேள்விக்குறிகளையும் வாசித்தாராம். "அது உங்க மிஷின் சொன்னது, விட்டுடுங்க," என்று மிர்ட்டில் சொல்லவேண்டியிருந்தது. பக்கத்துக்கு ஒருமுறை சேமித்தாள். விண்ணப்பம் போயிற்று, பின்னாளில் அவள் தனி மேசையிலிருந்தே ஓய்வும் பெற்றாள். தொண்டை கட்டி வந்தவருக்கு முதலில் மாத்திரை கொடுத்தேன், பிறகு முத்திரை குத்தினேன்.

மாநாட்டிலிருந்து திரும்பியதும் ஹெக்லண்ட் தம் மொழியைத் திருத்தினார். மூன்று நாள் யோசித்தாராம். அதிலிருந்து, சேமிக்காமல் வெளியேறப் பார்ப்பவர்களை இயந்திரம் கடுமையாக எச்சரித்தது. இரண்டு கேள்விக்குறி போட்டது.

"இரட்டிப்பாக்கிட்டேன்," என்று பெருமையாக வேறு சொன்னார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இன்று காலை சமையலறையிலிருந்து உங்களை ஒரு கேள்வி கேட்டார்கள். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றீர்கள். விளங்காமல் மறுபடி கேட்டார்கள். மறுபடியும் "ம்" என்றீர்கள். எதற்குச் சம்மதித்தீர்கள் என்று நினைவிருக்கிறதா?

இல்லையென்றால், ஊசி வருவதற்குள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள்.