ஆறு மணிக்கு மேல் தமிழ் கிடையாது

ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் தமிழ் பேசக்கூடாது. அப்பா போட்ட சட்டம்.

அப்பா கண்ணையன், திண்டிவனத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். தம்பி சந்தோஷ் மூன்றாவது படிக்கிறான். "வீட்ல இங்கிலீஷ் பேசினாதான் பையனுக்கு ஆர்வம் வரும்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்த வேகத்தில் அறிவித்தார்.

"தமிழ்ல பேசறவங்க பாத்திரம் தேய்க்கணும். அவங்க பேச்சும் செல்லாது."

பத்தாவதோடு நின்ற எனக்கே இங்கிலீஷ் வராது, உங்களுக்கு எப்படி வரும் என்று கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அம்மா பவானிக்குத் தெரிந்தது 'நோ' ஒன்றுதான். குடும்பம் நடத்த அது போதும் என்று சீக்கிரமே தெரிந்தது. பாத்திரமெல்லாம் அப்பா தலையில் விழுந்தது. அதை எண்ணுவதற்காகவே சந்தோஷ் இங்கிலீஷில் நூறு வரை கற்றுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணை கிராமத்தில் அம்மாவின் தம்பி ராம்கி மாமா புது வீட்டில் பால் காய்ச்சுகிறார். அப்பாவோ அதே நாளில் கூட்டாளிகளோடு மரக்காணம் போய் மீன் வறுத்துத் தின்னத் திட்டம் போட்டிருந்தார். பொய் தயார். ஆனால் தமிழில் தயார். சனிக்கிழமை அவர் கடையை மூடிவிட்டு வரும்போது மணி ஆறரை.

"பவானி. சண்டே. மரக்காணம். கோ."

"நோ."

"பிளீஸ்."

"வொய்?"

இது புதுசு. சந்தோஷ் சொல்லிக் கொடுத்த வேலை.

"ஃபிரண்டு மதர். சீரியஸ்."

"வொய்?"

"ஃபீவர்."

"வொய்?"

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. "மழையில நனைஞ்சிட்டாங்களாம்டி, பாவம். ஜல்தியா போய்ப் பாத்துக்கினு வந்துர்றேன்."

"டாடி, தமிழ். நோ கவுன்ட்" என்று சந்தோஷ் பாத்திரம் தேய்க்கிற சோப்பை நீட்டினான்.

மறுநாள் காலை விழுப்புரம் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பகல்தானே, கடைசியில் தமிழில் வாயைத் திறந்தார்.

"பேஜாரா கீது பவானி. அந்தச் சட்டத்த எடுத்துர்றேன்."

"எடுத்துருங்க. புள்ளதான் இங்கிலீஷ் கத்துக்கினானே. இனிமே பிரெஞ்சு."

"பிரெஞ்சா? உனக்கு இன்னா தெரியும்?"

"குயிலாப்பாளையத்து அக்கா ஆரோவில்ல பிரெஞ்சுக்காரங்க வீட்ல வேலை செய்யுதில்ல. ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுத்துச்சு."

"இன்னா வார்த்தை?"

"'நோ'வுக்கு ஒண்ணு, 'வொய்'க்கு ஒண்ணு."