சிஸ்டர் வெர்லீனின் இரட்டைச் சுருள்

ஈஸ்டருக்குள் அந்த இரைச்சல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கிடார் நிற்க வேண்டும் என்று பிரதர் பிகெட் சொல்லிவிட்டார்.

அமெரிக்காவில் கலமசூ நகரின் வடக்குப் பக்கத்துச் சபையில் அவர்தான் பாடகர் குழுவுக்குத் தலைவர். வெர்லீன் டப்ஸ் வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அங்கே அவள் எவ்வளவு கத்தினாலும் ஒரு பிள்ளையும் உட்காராது. ஞாயிற்றுக்கிழமை கிடாரை எடுத்தால் முந்நூறு பேர் காது கொடுப்பார்கள். ஆறு வருஷமாக அதுதான் அவள் சந்தோஷம். ஆனால் ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும், அவள் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் எழும். ஆராதனை முடியும்வரை ஓயாது.

"சிஸ்டர், ஜெபம் பண்ணலாம்னு கண்ணை மூடினா, ஃப்ரிட்ஜ் முன்னாடி முழங்கால் போட்ட மாதிரி இருக்கு" என்றார் பிகெட்.

கிடார் கடைக்காரர் கழற்றிப் பார்த்தார். கம்பியின் அதிர்வை வாங்கி அனுப்பும் பிக்அப்பில் ஒரே ஒரு செம்புச் சுருள். அது சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து வாங்குகிறது. அதை எடுத்துவிட்டு ஹம்பக்கர் என்ற வேறு பிக்அப் போட்டால் தீரும் என்றார்.

"அதுல ரெண்டு சுருள்மா. ஒண்ணு வாங்கற இரைச்சலை இன்னொண்ணு தலைகீழா வாங்கும். ரெண்டும் அடிச்சுக்கிட்டு ஒண்ணுமில்லாம போயிடும்."

"எங்க வீட்டுல ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டா சத்தம் கூடத்தானே செய்யுது" என்றாள் வெர்லீன்.

அவர் சிரித்துக்கொண்டே, வாசித்துப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொல்லி மூன்று ஹம்பக்கர்களைக் கொடுத்தார். இரட்டைச் சுருளுக்கு இடம் போதவில்லை. அவள் கணவன் கர்ட்டிஸ் உளியால் கிடாரின் வயிற்றை அகலப்படுத்தினான்.

முதலாவதில் மென்மையான காந்தம், கணக்கில்லாத சுற்றுகள். இரைச்சல் போனது, கூடவே கணீரென்ற ஓசையும் போனது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவது போலிருந்தது. பாதிச் சபை தூங்கியது.

அடுத்த ஞாயிறு இரண்டாவது. இதில் கறுப்பாக, கல் மாதிரி ஒரு பீங்கான் காந்தம். முதல் தட்டிலேயே தூங்கினவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பாஸ்டர் பிரசங்கத்தைக் கத்தியே முடித்தார். சாயந்தரம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மூன்றாவதை மாட்டியதும் வெர்லீனுக்குக் கண் கலங்கியது. அவ்வளவு இனிமை. பழைய பாணி என்று அதன் சுருளை மெழுகில் முக்காமலே விட்டிருந்தார்கள். இறுகாத சுருள் பக்கத்துப் பேச்சுக்கும் நடுங்கும், நடுங்கினதை அப்படியே ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் என்பது அவளுக்குத் தெரியாது. நட்ட நடு ஆராதனையில் கிடார்மேல் கவிழ்ந்து திருகாணியை முடுக்கிக்கொண்டே கர்ட்டிஸிடம் முணுமுணுத்தாள்:

"பிகெட்டோட பேன்ட் மடிப்புல ரொட்டி வெட்டலாம்."

கோயில் முழுக்கக் கேட்டது. பிகெட் குனிந்து தன் மடிப்பைப் பார்த்துக்கொண்டார்.

அந்த இனிமையை விட அவளுக்கு மனசில்லை. ஓட்ஸ் காய்ச்சும் பாத்திரத்தில் மெழுகை உருக்கி, ஹம்பக்கரை முக்கி, ஆறவைத்து மாட்டினாள். ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று ஆம்ப்ளிஃபையரைப் போட்டால், இரைச்சல் பழையதைப் போல இரண்டு பங்கு. பாட்டோ கொசு பாடுவது மாதிரி. பிகெட் வாசல் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

அந்த வாரம் பேருந்தில் பிள்ளைகள் தாமாகவே உட்கார்ந்தன. அவள் முகம் அப்படி இருந்தது. வியாழக்கிழமை சமையல் மேசையில் ஹம்பக்கரைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு இழையாகத் தொட்டுப் பார்த்தாள். மெழுகுக்குப் பிறகு மறுபடி பற்றவைத்தபோது ஒரு சுருளின் இரண்டு முனைகளை இடம் மாற்றிவிட்டிருந்தாள். அடித்துக்கொள்ள வேண்டிய இரைச்சல்கள் கூட்டுச் சேர்ந்துவிட்டன. சேர வேண்டிய இசை அடித்துக்கொண்டது. முனைகளை மாற்றிப் பற்றவைத்தாள்.

ஈஸ்டர் காலையில் கோயில் நிரம்பி வழிந்தது. ஆம்ப்ளிஃபையரைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தமே இல்லை. கர்ட்டிஸ் மின்சாரம் இருக்கிறதா என்று சுவரைப் பார்த்தான். அவள் முதல் கம்பியைத் தொட்டாள்.

அப்படியொரு நாதத்தை அந்தக் கூரை கேட்டதில்லை. முன்வரிசைப் பெண்கள் தொப்பிகளோடு எழுந்து நின்று கை தட்டினார்கள். பாஸ்டர் இன்னும் தெளியாத தொண்டையோடு ஆமென் என்றார். பிகெட்டே வந்து, எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சிஸ்டர், என் வாயால சொல்றேன். நீங்க ஜெயிச்சுட்டீங்க."

வெர்லீன் ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில் பாடாமலிருந்த பாடகர் குழு அடுத்து எழுந்தது. எந்த வாத்தியமும் இல்லாமல் பாடுவதுதான் அவர்கள் பெருமை. பிகெட் கையை உயர்த்தினார். முப்பது பேரும் வாயைத் திறந்தார்கள். ஒருவரும் பாடவில்லை. பிகெட் மறுபடி கையை உயர்த்தினார். முப்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஓரத்தில் நின்ற கட்டைக்குரல்காரர் ரூஃபஸ் மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார்.

"சிஸ்டர், அந்தப் பழைய சுருளைத் திரும்ப மாட்டுங்க. பிகெட்டுக்குத் தெரியாது, ஆறு வருஷமா நாங்க சுருதி எடுக்கறதே உங்க இரைச்சல்லதான்."