கோபத்துக்கு ஒரு செம்புத் தண்ணீர்

பிள்ளை வளர்ப்பைப் பற்றி எங்கள் ஊரில் வாய் கிழியப் பேசியவனும் நான்தான், பிள்ளையை அதிகம் அடித்தவனும் நான்தான். வயசான காலத்தில் இதை ஒப்புக்கொண்டு யாருக்கும் லாபமில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருஷத்துக்கு முந்தி நடந்தது. கம்பத்தில் ஒரு நர்ஸம்மா ஞாயிறுதோறும் பெற்றோருக்கு வகுப்பு நடத்தினார். காமயகவுண்டன்பட்டியிலிருந்து போன ஒரே தகப்பன் நான். (மற்றவர்களுக்குத் தோட்டத்தில் வேலை இருந்தது. எனக்கும் இருந்தது.) கோபம் வந்தால் கையை ஓங்குமுன் ஒரு செம்புத் தண்ணீரை நிதானமாகக் குடியுங்கள், அடங்கிவிடும் என்றார்.

முதல் வாரம் அடங்கியது. ஏழு வயது மகள் செல்லத்தாய் சிலேட்டை உடைத்தாள், குடித்தேன், விட்டுவிட்டேன். அடுத்த வாரம் திராட்சைப் பந்தலுக்குள் ஆட்டை விட்டாள். குடித்தேன், அப்புறம் புளிய விளாறை எடுத்தேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. தண்ணீர் குடித்த தெம்பில் அடி முன்னைவிடச் சுள்ளென்று விழுந்தது. வகுப்பில் மட்டும் எழுந்து நின்று, மூன்று மாதமாகப் பிள்ளையைத் தொட்டதில்லை என்று அளந்துவிட்டேன்.

நர்ஸம்மா பூரித்துப்போனார். எங்கள் ஊர் ஆண்களுக்கு நானே வகுப்பெடுக்கலாம், அதற்கு முன் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றார். நான் அன்றே சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னேன். என் மனைவி மட்டும், "வர வேணாம்னு சொல்லிருங்க" என்றாள். நான் கேட்கவில்லை.

சொன்னபடி வெயிலில் நடந்தே வந்தார். வகுப்புப் பெற்றோர் பத்துப் பேர் பின்னால் வர, ஊர் ஆண்களும் வாசலில் கூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதானே வழக்கம். மனைவி செம்பை நீட்டினாள். நர்ஸம்மா அண்ணாந்து மடமடவென்று முழுச் செம்பையும் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

செல்லத்தாய் அவர் முன்னால் வந்து நின்று, கண்களை இறுக மூடி, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"மெதுவா அடிங்கம்மா. நான் ஒண்ணும் செய்யலை."

நர்ஸம்மாவுக்குப் புரியவில்லை. "ஒன்னய யாரு அடிக்கப் போறா?" என்றார்.

"தண்ணி குடிச்சிட்டுத்தான அடிப்பாக. அப்பா அப்படித்தான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். நர்ஸம்மா செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அந்தப் பிஞ்சுக் கைகளை மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கஞ்சி போட்ட சட்டைக்குள் கூனிக் குறுகி நின்றேன். மானம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். கை நீட்டியபோது மகள் அழக்கூட இல்லை, அவ்வளவு பழகியிருந்தாள். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வகுப்பெடுக்கும் ஆசை அன்றோடு போனது. விளாறை மனைவி அடுப்பில் வைத்தாள், நான் தடுக்கவில்லை.

இப்போது செல்லத்தாய் ஓடைப்பட்டியில் குடும்பம் நடத்துகிறாள். நான் அங்கே போய்த் தண்ணீர் கேட்டால் போதும், பேரப்பிள்ளைகள் மூன்றும் வரிசையாக நின்று கண்ணை மூடிக் கையை நீட்டும். "தாத்தா, மெதுவா" என்று கடைக்குட்டி ராகம் போடும். வீடே சிரிக்கும். நானும் சிரித்தபடி, குடிக்காமலே செம்பைக் கீழே வைத்துவிடுவேன். செல்லத்தாய் அதைக் கவனித்திருக்கிறாள் போலும். இப்போதெல்லாம் நான் கேட்குமுன்பே எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறாள்.