எலிகள் மறந்த மூன்று மா

நீடாமங்கலம் பக்கத்து எலிகளின் ஞாபகசக்தியை அளப்பது அவசரத் தேவை என்று அரசுக்கு எழுதியவன் நான்தான். வேளாண்மை அலுவலகத்தில் இருபத்தாறு வருடத்தில் நான் சொந்தமாக யோசித்தது அது ஒன்றே.

தஞ்சாவூர்ப் பயிற்சியில் ஒரு விஞ்ஞானி படம் போட்டுக் காட்டினார். ஒரே இடத்தில் தினமும் ஓடவிட்டாலும், சுண்டெலியின் மூளையில் அந்த இடத்தின் வரைபடம் நாளாக நாளாக மாறிவிடுகிறதாம். அதற்குமேல் நான் கேட்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு. விழித்ததும் 'எலி வழியை மறந்துவிடும்' என்று குறித்துக்கொண்டேன்.

மறுவாரமே ஆணை வந்தது: எலிகள் ஒரு வயலை எத்தனை நாளில் மறக்கின்றன என்று அறுபது நாள் கண்காணிக்கவும், அதுவரை எலிகளின் மனநிலைக்கு இடையூறு செய்யலாகாது.

அம்சம் என்ற பெண் விவசாயியின் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், சம்பா நெல்வயலைத் தேர்ந்தெடுத்தேன். ரோட்டோரம், ஜீப் நிற்கும். கதிர் பால் பிடித்திருந்தது. அம்சம் வரப்போரம் கிட்டி வைத்துக்கொண்டிருந்தார். எலியின் கழுத்தை இறுக்கும் மூங்கில் பொறி அது.

"எடுத்துடுங்கம்மா. கிட்டியில மாட்டுனா எலி ஞாபகம் கெட்டுடும்."

"உசுரே போயிடும். ஞாபகத்தை வச்சு என்ன பண்ணும்?"

"அதான் சொல்றேன். செத்த எலிய ஆய்வு பண்ண முடியாது."

"எப்ப சார் மறக்கும்?"

"அறுபது நாள்ல தெரிஞ்சுடும்."

"முப்பது நாள்ல அறுப்பு சார். வருசம் முழுக்க எங்க வீட்டுச் சோறு இதுதான்."

"அறுப்புத் தேதி ஆணையில இல்லையேம்மா."

'விவசாயி ஒத்துழைத்தார்' என்று எழுதிக்கொண்டேன்.

முதல் நாள் இருபத்திரண்டு எலி. பத்தாம் நாள் நூற்றுப்பத்து. தினம் ஒரு புதுப்பாதையில் வந்தன. ஒன்றுகூட வழி தவறவில்லை. தஞ்சாவூர்ப் பயிற்சிக்கு என்னோடு வந்திருந்த சக அலுவலர் இளவழகனிடம் சந்தேகம் கேட்டேன்.

"வரைபடம்தான் மாறுமாம் சார். எலி சாப்பாட்டுக்குத் தப்பாம போய்ச் சேந்துடுமாம்."

"ஏன்யா என்னை எழுப்பலை?"

"எழுப்புனேன். 'கையெழுத்துப் போட்டாச்சு'ன்னு திரும்பிப் படுத்தீங்க."

ஆய்வை நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கலாம். தூங்கியது வெளியே தெரியும். பதவி உயர்வுப் பட்டியல் வேறு நெருங்கியிருந்தது. எழுதவில்லை.

முப்பதாம் நாள் அறுக்க அம்சத்துக்கு ஒரு கதிரும் மிஞ்சவில்லை. அறுபதாம் நாள் வயலில் ஓர் எலிகூட இல்லை. தின்ன ஒன்றும் மிஞ்சாதது காரணமாக இருக்கலாம். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'எலிகள் இவ்வயலை முற்றிலும் மறந்துவிட்டன' என்று முடித்தேன். பாராட்டுச் சான்றிதழ் வந்தது. வயலில் 'எலியில்லா முன்மாதிரி வயல்' என்று பலகை நட்டோம்.

அம்சம் எலிச்சேதத்துக்கு நிவாரணம் கேட்டு மனு கொடுத்தார். அது என் மேசைக்கே வந்தது. 'எலிகள் மறந்துவிட்ட வயலில் எலிச்சேதம் ஏற்பட வாய்ப்பில்லை. ஆதாரம்: மேற்படி அறிக்கை' என்று எழுதித் திருப்பினேன். என் தமிழ் அன்று நன்றாக இருந்தது, அதுதான் வெட்கம்.

அம்சம் நின்றபடியே படித்தார்.

"எலியில ஒண்ணைக் கூப்பிட்டு விசாரிங்க சார். அது பொய் சொல்லாது."

வாசலில் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள். பலகையைப் பார்த்து, தங்கள் வயலையும் ஆய்வில் சேர்க்கச் சொல்லி வந்தவர்கள். அம்சம் அவர்களிடம் போய், வேண்டாம் என்று கையை ஆட்டிச் சொன்னார்.

"தனக்கு மட்டும் கெடைக்கணும்னு பாக்குது" என்றார் ஒருவர்.

நான் ஆளுக்கொரு படிவம் எடுத்துக் கொடுத்தேன்.