உட்கார அனுமதி

நிலைபுரம் என்றொரு நாடு இருந்தது. அதன் கல்லூரிகளில் சொந்தப் பிள்ளைகளைவிட அயல்நாட்டு மாணவர்களே அதிகம். அவர்கள் வராவிட்டால் பாதிக் கல்லூரிகளைப் பூட்ட வேண்டியதுதான். அதனால் அந்நாடு அவர்களை அன்போடு அழைத்தது. வந்து சேர்ந்ததும் சந்தேகப்பட்டது.

ஒருநாள் வருகைத் துறை அமைச்சருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. "உட்காருதல் என்பது குடியேற்றத்தின் முதல் படி. வந்தவன் உட்கார்ந்தால் தங்கிவிடுவான்!" என்று அவையில் முழங்கினார். அவை மேசையைத் தட்டியது. மறுநாளே வகுப்புகளில் அயல்நாட்டாரின் நாற்காலிகள் அகற்றப்பட்டன.

வளர்மதி அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஊரில் பிரசவம் பார்க்க ஒருவரும் இல்லை. அவளுடைய அக்கா அப்படித்தான் செத்துப்போனாள். சான்றிதழோடு ஊர் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. நின்றே படித்தாள்.

நின்றாலும் வேர்விடும் என்று துணை அமைச்சர் கண்டுபிடித்தார். இரண்டாவது ஆணை வந்தது: நடந்துகொண்டே இருக்க வேண்டும். வளர்மதி கல்லூரியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஜன்னலைக் கடக்கும்போது காதில் விழுந்ததைக் குறித்துக்கொண்டாள். இதயத்தின் இடப்பக்கம் ஒரு சுற்றில் கிடைத்தால் வலப்பக்கம் அடுத்த சுற்றில்தான். சாப்பாடும் நடையில்தான். தூங்குவது எப்படி என்று மாணவர்கள் மனுக்கொடுத்தார்கள். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது.

இதற்குள் குடிமக்களுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. உட்காருவதுதான் சொந்த நாட்டாரின் அடையாளம் என்றால், எழுந்தவர் கதி என்ன? ஒருவரும் எழவில்லை. அவர்களை நாற்காலியோடு தூக்கிச் செல்ல அயல்நாட்டு மாணவர்களுக்கு வாரம் இருபது மணி நேரம் பெரிய மனதோடு அனுமதி தரப்பட்டது. இருபத்தோராவது மணியில் தூக்கினால் நாடு கடத்தல். நாற்காலியில் இருந்தவருக்கு ஒன்றுமில்லை.

இறுதித் தேர்வுக்கு முந்தின நாள் மூன்றாவது ஆணை வந்தது: இனி எல்லையை நோக்கி மட்டுமே நடக்கலாம்.

வளர்மதி அழுதுகொண்டே நடந்தாள். ஆசிரியர் கோதண்டம் சிடுமூஞ்சி, யாரையும் பாராட்டியதில்லை. ஆனால் அன்று அவருக்கே பொறுக்கவில்லை. நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு, சான்றிதழ்த் தாளோடு அவள் பின்னால் ஓடினார்.

"நில்லு... இல்ல, நிக்காத! நட. பரீட்சையை இப்பவே வச்சிடறேன். குழந்தை கால் முதல்ல வருது. என்ன செய்வே?"

"இழுக்க மாட்டேன் சார். தொப்புள் தெரியற வரைக்கும் தானா வரட்டும்னு விடுவேன். அவசரப்பட்டு இழுத்தா கை தலைக்கு மேல மாட்டிக்கும்."

"சரி, அப்புறம்?"

கேள்வியும் பதிலுமாகப் போனதில் எல்லைக் கோட்டைத் தாண்டியதை இருவருமே கவனிக்கவில்லை. கடைசிப் பதிலைக் கேட்டதும் கோதண்டம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர் வீட்டை நோக்கித் திரும்பி நடந்தார். எல்லைக் காவலர் ஒருவர் தடியைக் குறுக்கே நீட்டினார்.

"யோவ், நான் இந்த நாட்டுக்காரன்யா!"

"நடந்துல்ல வர்றீங்க," என்றார் நாற்காலியில் அமர்ந்திருந்த காவலர். "நம்ம ஆளுங்க நடக்கறதில்லையே. வேணும்னா மாணவர் விசாவுல வரலாம். இந்தாங்க ஃபாரம்."

இருபது வருடம் பாடம் நடத்தியவருக்கு அந்தப் படிவத்தில் ஒன்றும் விளங்கவில்லை. வளர்மதிதான் விரல் வைத்துக் காட்டினாள்.

"இங்க மட்டும் கவனமா எழுதுங்க சார். 'படிப்பு முடிஞ்சதும் என் சொந்த நாட்டுக்கே திரும்பிப் போயிடுவேன்.' இது இல்லாட்டி விசா கிடைக்காது. எந்த நாடுன்னு பக்கத்துல போடணும்."

கோதண்டம் பேனாவைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

"எந்த நாடும்மா போடறது?"