கிக்கர் இல்லாத ஜமீன்

உலகத்தில் வண்டி வைத்திருக்கிற எல்லோரும் அதைப் பற்றி ஒரு குறையாவது சொல்வார்கள். சொல்லாத ஒரே மனிதரை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். பெயர் ஜமீன்.

அது அவருடைய மீசைக்கு நாங்கள் வைத்த பெயர். அசல் பெயரை வாடகைக்கு வந்த அன்று சொன்னார், அன்றே மறந்துவிட்டோம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்குக் கார் கம்பெனி வேலைக்கு வந்தவர். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் தெருமுனைக்கு வரும் கம்பெனி பஸ்ஸில்தான் போய்வந்துகொண்டிருந்தார். மீசையைத் தவிர சொத்து எதுவும் இல்லாததால் எனக்கும் அவர் மேல் விரோதம் எதுவும் இல்லை.

ஒரு சாயங்காலம் அந்த வண்டியோடு வந்து இறங்கினார்.

ஷோரூமை விட்டு அப்போதுதான் வெளியே வந்த வண்டி. ஆனால் பார்த்தால் என் நைனா பிறப்பதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது போல இருந்தது. வட்டமான ஹெட்லைட், உருண்டு திரண்ட டேங்க், கம்பிச் சக்கரம், முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்கிற அளவுக்குப் பளபளப்பு. தோற்றம்தான் பழசு. பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட் ஆகும், ஹேண்டில்பாரிலேயே செல்போனுக்கு சார்ஜ் ஏறும்.

சத்தம் கேட்டு வெளியே வந்த நைனா, தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் பத்தாவது பாஸ் செய்த அன்றுகூட அந்தத் துண்டு இறங்கியதில்லை.

“இன்னா வண்டிபா இது! அந்தக் காலத்துல ரைஸ்மில் மொதலாளி ஒண்ணு வச்சிருந்தாரு. கிட்டப் போனாலே வெரட்டுவாரு.”

“நீங்க ஏறி உக்காருங்கய்யா,” என்றார் ஜமீன்.

அவ்வளவுதான். நைனா ஏறி உட்கார்ந்தார். அன்றோடு எனக்கும் நைனாவுக்கும் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றுகொண்டது.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், வாசல் ஷீட்டுக் கூரைக்கு அடியில் நான் வண்டி நிறுத்துகிற இடத்தில் அது நிற்கிறது. நைனா அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

“உன் வண்டிய அப்பால வேப்பமரத்தாண்ட வையேன்டா. இது மழைல நனையக் கூடாதாம்.”

“என்னுது மட்டும் நனையலாமா?”

“உன்னுது எத்தினி மழை பாத்துக்கீது. அதுக்கு இன்னா?”

என் வண்டி நல்ல வண்டி. மைலேஜ் தரும். எடை கிடையாது, செலவு கிடையாது. சத்தமும் தையல் மிஷின் அளவுக்குத்தான் வரும். நைனாவை அதில் எத்தனையோ இடங்களுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். இறங்கியதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார்.

ஜமீன் முதல் வாரம் ‘ஐயா’ என்று கூப்பிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அவரும் ‘நைனா’ என்றார். எனக்கு வயிறு எரிந்தது. நைனா முன்னாலேயே அந்த வண்டியின் மானத்தை வாங்குவது என்று முடிவுசெய்து குறை தேட ஆரம்பித்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. வரிசையில் வந்து நின்றன.

“இன்னா ஜமீன், ஓட்டினா கண்ணாடி இந்த உதறு உதறுது? பின்னாடி வர்ற லாரி ரெண்டா தெரியுது.”

“ரெண்டு லாரி வருதுன்னு நெனச்சா ரெண்டு மடங்கு சூதானமாப் போவோம்லா அண்ணாச்சி.”

“காலெல்லாம் வேகுதே, இந்தச் சூட்டுல?”

“மார்கழில வந்து கேளுங்க, அதோட அருமை தெரியும்.”

பஞ்சர் ஆனால் சக்கரத்தையே கழற்றினால்தான் ஒட்ட முடியும். அதற்கும் பதில் வைத்திருந்தார்: “அந்தச் சாக்குல நாலு பேரப் பாத்துப் பேசுதோம்.” பின் சீட்டோ ஒரு பலகை அகலம்கூட இல்லை. நைனா அதில் போய்வந்த நாளெல்லாம் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே, “ராஜா வண்டிடா” என்பார்.

சிங்கப்பெருமாள் கோவிலில் என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். பட்டுவேட்டியோடு புறப்பட்ட நைனா என் வண்டியைத் தாண்டிப்போய் ஜமீன் வண்டியில் ஏறினார். “நீ பின்னால வாடா” என்று ஒரு உத்தரவு வேறு. அழைக்காமலே கல்யாணத்துக்குப் புறப்பட்ட குடித்தனக்காரர் முன்னால் போகிறார். பெற்ற பிள்ளை பின்னால் போகிறேன்.

ஒரகடம் கூட்ரோட்டில் டீ குடிக்க நின்றோம். ஜமீன் வண்டிக்கு அழகுக்காக இரண்டு மஞ்சள் விளக்கு மாட்டியிருந்தார். பட்டப்பகலில் இஞ்சினை அணைத்த பிறகும் அவை எரிந்தன.

“எதுக்கு எரியுது?” என்றேன்.

“வண்டி முழிச்சிருக்குன்னு நாலு பேருக்குத் தெரியணும்லா.”

நாலு பேர் அல்ல, ஷிப்ட் முடிந்து வந்த கூட்டமே சுற்றிக்கொண்டது. நைனா டேங்க் மேல் கையை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். டீ ஆறியது, மறு டீ வந்தது. கடைசியில் ஜமீன் ஏறிப் பட்டனை அமுக்கினால் ‘டிக்’ என்றது. மறுபடியும் ‘டிக்’. பேட்டரி தீர்ந்துவிட்டது.

நைனா குனிந்து வண்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார். “கிக்கர் எங்கபா?”

“இதுல கிக்கர் கெடையாது நைனா.”

“பாக்க இவ்ளோ பழசா கீது, கிக்கர் இல்லியா?”

ஜமீன் மீசையைத் தடவிக்கொண்டார். “மரியாதையான வண்டிய யாராச்சும் ஒதைப்பாவளா?”

இத்தனை மாதமாக நான் காத்திருந்த நேரம் வந்துவிட்டது. என் வண்டியை ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து நைனா பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். “ஏறு நைனா. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு.”

நைனா என்னைப் பார்த்தார். “கூட வந்துட்டு புள்ளைய நடுரோட்ல வுட்டுட்டு வரச் சொல்றியா?” பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்தார்.

நான் அங்கேயே நின்றேன். கன்டெய்னர் லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. நைனாவுக்கு மூச்சு வாங்கியது. வேறு வழியில்லாமல் என் வண்டியை டீக்கடையில் விட்டுவிட்டு ஓடிப்போய் நானும் தள்ளினேன். யானையைத் தள்ளியிருக்கலாம், அதுவாவது தானே நாலு அடி வைத்திருக்கும். பேட்டரிக் கடையைக் கண்டுபிடித்து, சரிசெய்து, என் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்துவிட்டது. சித்தப்பா எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஆனால் பந்தியில் நைனாவைப் பார்க்க வேண்டுமே! வேட்டியெல்லாம் கரி. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். “இவன் இந்தப் பக்கம், என் புள்ள அந்தப் பக்கம், நான் பின்னால… லாரிக்காரன்லாம் வழி வுட்டான்யா!” அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

என் வண்டி ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. அதனால்தான் அதைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை என்பது அன்றைக்கு, பாயசம் ஊற்றும்போது, எனக்குப் புரிந்தது. பொறாமை குறைந்ததா என்றால் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வண்டி நின்றபோதெல்லாம் நைனாவுக்கு முன்னால் நான் ஓடினேன்.

பிறகு ஊர்ப்பக்கமே வேலை கிடைத்து, அந்த வண்டியிலேயே ஜமீன் கிளம்பிப் போனார். வாசலில் இடம் காலியாகத்தான் இருக்கிறது. நானும் அங்கே நிறுத்தவில்லை, நைனாவும் நிறுத்தச் சொல்லவில்லை.

போன வாரம் ஜமீனிடமிருந்து போன். “அண்ணாச்சி, வண்டி நின்னுட்டு.”

“எங்க?”

“கயத்தாறு தாண்டி. இங்க என்னமாக் காத்து அடிக்கி தெரியுமா! நல்ல வண்டி எடம் பாத்துத்தான் நிக்கும்.”

“தனியாவா தள்றே?”

“இல்ல அண்ணாச்சி. வழில போன ஒருத்தர் தன் வண்டிய ஓரங்கட்டிட்டு வந்து தள்ளுதாரு. தங்கமான மனுசன்.”

போனை வைத்த பிறகும் வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. முன்பின் தெரியாத அந்தத் தங்கமான மனுசன் மேல் அப்படி ஒரு பொறாமை.